நாற்பது விநாடித் தண்ணீர்

“மொதல்ல அந்த ரேடியோவ எடுடா சேகரு. அவன் காலு நீட்ட எடம் வேணாமா?” என்றாள் அங்காளம்மாள்.

தெருவில் ஜீப் நின்றிருந்தது. செக்போஸ்ட் ஆட்கள் நான்கு பேர் முனிகிருஷ்ணனை ஒரு மரப் பெஞ்சோடு தூக்கி வாசல்வரை கொண்டுவந்துவிட்டு, உள்ளே இடம் ஒழியும்வரை வெயிலில் நின்றார்கள். கூடம் சின்னது. அதில் கால்வாசியை ரேடியோவும் அதன் மேஜையும் பிடித்துக்கொண்டிருந்தன. இறந்தவனின் தம்பி சேகர், ரேடியோவை அதன் அடியில் விரித்திருந்த பூப்போட்ட துணியோடு சேர்த்து அப்படியே வாரி அணைத்துத் தூக்கினான். துணியின் மடிப்பிலிருந்து ஒரு மஞ்சள் தாளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. முனிகிருஷ்ணனின் மனைவி சந்திரகலா அதைப் பார்த்தாள். அந்தத் தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெஞ்சு உள்ளே வந்துவிட்டது. சேகர் ரேடியோவோடு பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டான்.

முனிகிருஷ்ணனுக்கு நாற்பத்தாறு வயது. காலை எட்டு மணிக்கு எளாவூர் செக்போஸ்ட்டில் ரோட்டை மறிக்கும் கட்டையருகே நின்று, நெல்லூரிலிருந்து வந்த ஒரு லாரியின் பில்லைப் படித்துக்கொண்டிருந்தவன், படித்து முடிக்காமலே கீழே உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. லாரிக்காரன்தான் முதலில் ஓடிவந்து தாங்கினானாம்.

“என் நைனா! ஊரு லாரியெல்லாம் நிறுத்துனியே, உன் வண்டிய நிறுத்த ஆளில்லாம போச்சே!” என்று அங்காளம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளுக்கு அழுவதற்கு உரிமையும் குரலும் இரண்டும் இருந்தன. சந்திரகலாவுக்கு எதுவும் வரவில்லை. கண் காய்ந்து கிடந்தது. அந்த மஞ்சள் தாளில் கடைசியாக என்ன எழுதியிருக்கிறான் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதில் ஒரு வரிதான் படித்திருந்தாள்.

சந்திரகலா கும்மிடிப்பூண்டி பள்ளிக்கூடத்தில் டீச்சர். அது சம்பளத்துக்கு. உயிரை வைத்திருந்தது ரேடியோ விவரணங்களில். சென்னை வானொலி நிலையத்துக்காக வருஷத்துக்கு மூன்று, நான்கு செய்வாள். நிலையத்தின் டேப் ரிக்கார்டரைக் கடனாக வாங்கி, அந்த இரும்புக் கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, ஜனங்களிடம் பேசிப் பதிவு செய்வாள். பிறகு நடுநடுவே தான் பேச வேண்டியதை எழுதுவாள். ஆறு வருஷத்தில் பத்தொன்பது விவரணங்கள். ஒவ்வொன்றும் சென்னைக்குப் போவதற்கு முன்னால் எளாவூரில் நின்று போயிருக்கிறது. அதாவது, அவள் புருஷனிடம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டேப்பை ஓடவிட்டு, எழுதியதை மேலே வாசித்துக் காட்டுவாள். அவன் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து கேட்பான். எழுதிக் கெட்டுப்போன மஞ்சள் செக்போஸ்ட் சீட்டு ஒன்றைத் தொடையில் வைத்திருப்பான். லாரிகளுக்கு எழுதும் அதே சீட்டுதான், அதே நான்கு கட்டங்கள்: எங்கிருந்து, என்ன சரக்கு, எங்கே போகிறது, குறிப்பு. அவள் கதையை ஒரு லாரியாகவே நினைத்து நாலு கட்டத்தையும் நிரப்புவான். எழுதும்போதும் பேசுகிற மாதிரியே எழுதுவான்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. “என்ன, என் வண்டிய மடக்கிட்டீங்களா?” என்றாள்.

“மடக்கறதுக்கா நான் நிக்கறேன்? பத்திரமா போய்ச் சேரட்டும்னுதான் நிக்கறேன். லோடு சரிஞ்சிருந்தா இங்கியே கட்டிக்கினு போலாம். நடு ரோட்டுல சரிஞ்சா இன்னா பண்ணுவ?”

சிரித்தவள் அந்தச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டாள். திருவள்ளூர் கோர்ட்டு வாசலில் மனு தட்டிக்கொடுக்கும் டைப்பிஸ்ட்டுகளைப் பற்றிய விவரணம் அது. ஆறு பேர் பேசியிருந்தார்கள். “ஆறு பேரு ஏறிக்கிறாங்க. எறங்கும்போது ஒருத்தருதான் எனக்கு ஞாபகம் இருக்குது, அந்த விரலு போன தாத்தா. அவரு கூடவே போயேன்” என்று எழுதியிருந்தான். போனாள். நிலையத்துக்கு அதற்கு மட்டும் முப்பத்தெட்டு கடிதங்கள் வந்தன. செங்கல் சூளை விவரணத்துக்கு எழுதியது இன்னும் குறைச்சல்: “சூடு சூடுன்னு மூணு தரம் சொல்லிட்ட. அந்த ஆளு தண்ணி குடிக்கிற சத்தம் ஒரு தரம் போதும்.” மறுபடி சூளைக்குப் போய், ஒரு மனிதன் சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடிக்கும் சத்தத்தைப் பிடித்துவந்தாள். அதைக் கேட்ட சக டீச்சர் ஒருத்தி தனக்கே தொண்டை வறண்டது என்றாள்.

எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு இந்தக் காது எப்படி வந்தது என்று அவள் வியந்து வியந்து அலுத்துவிட்டாள். தூரத்தில் வரும் லாரியின் முனகலை வைத்தே அரிசியா, வெங்காயமா, காலியா என்று சொல்லிவிடுவான். அதே காதுதான் இதற்கும். ஒருநாளும் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. சும்மாவேனும் பிரமாதம் என்றதும் இல்லை. எந்த இடத்தில் தன் மனசு நின்றது, எந்த இடத்தில் நழுவியது என்று மட்டும் சொல்வான். ஒலிபரப்பு நேரத்தில் அவனுக்கு டியூட்டி இருந்தால், கூட வேலை செய்யும் திருமலை தன் டிரான்சிஸ்டரைச் செக்போஸ்ட் ஜன்னலில் வைப்பான். கட்டையடியிலேயே நின்று கேட்பார்கள். கட்டை தூக்கும் கிறீச் சத்தம் இந்த வீட்டுக் கூடம்வரை கேட்கும்.

இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கோபம் வந்தது ஒரே தடவை. அது போன ஞாயிற்றுக்கிழமை.

விவரணம் பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றியது. முழங்காலளவுத் தண்ணீரில் மார்பு நனையத் தவழ்ந்தபடி, சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பனையோலைக் கூடையில் போடுவார்கள். பறி என்று பெயர். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம், பல்லிலேயே. அந்த இடத்தில் டேப்பில் தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் இருந்தது. அதன் மேல் வாசிப்பதற்காக மூன்று நாள் மெனக்கெட்டு ஒரு பத்தி எழுதியிருந்தாள். ‘இந்த ஏழைப் பெண்களின் மௌனம் ஏரியை விட ஆழமானது’ என்று ஆரம்பிக்கும். அவள் எழுதியதிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த பத்தி.

“கலா, அவங்க வாயில இன்னா இருக்குது?” என்று கேட்டான் முனிகிருஷ்ணன்.

“பறிக் கயிறு. அதான் சொல்லியிருக்கேனே.”

“அப்போ அவங்களால பேச முடியாது.”

“முடியாது. அதனாலதான் அவங்களுக்காக நான் பேசறேன்.”

“அதான்மா. அவங்க பேச முடியாத நேரத்துல நீ பேசிக்கினு கீற. மௌனத்தப் பத்திதான் பேசற, ஆனா அத கேக்க உடமாட்டன்ற. அந்த எடத்துல ஒரு நாப்பது செகண்டு வெறும் தண்ணிய உட்டுப் பாரேன்.”

“நாற்பது செகண்ட் யாரும் பேசலைன்னா ரேடியோ ரிப்பேர்னு குமிழைத் திருகிடுவாங்க.”

“நான் திருக மாட்டேன்.”

“உங்க ஒருத்தருக்காகவா ரேடியோ நடத்துறாங்க?” அவள் சீட்டைப் பிடுங்கினாள். சரக்குக் கட்டத்தில் ‘பில்லுல இல்லாதது’ என்ற இடம்தான் முதலில் கண்ணில் பட்டது. மேலே படிக்கவில்லை. நாலாக மடித்து ரேடியோவுக்கு அடியில் செருகினாள். “நீங்க லாரியைப் பாருங்க. எழுத்தை நான் பாத்துக்கறேன்.”

திங்கட்கிழமை லீவு போட்டுச் சென்னைக்குப் போய், அந்தப் பத்தியையும் சேர்த்தே குரல் பதிவு செய்துவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவன் டியூட்டிக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவை எதுவும் பேசாமல் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, “வரேன்” என்றான். அதற்கும் அவள் தலையை மட்டும்தான் ஆட்டினாள். அந்த டப்பா திறக்காமல் திரும்பி வந்து இப்போது அடுப்படியில் இருந்தது.

சொந்தக்காரர்கள் வந்து சேர வேண்டியிருந்ததால் புதன்கிழமை காலையில் எடுப்பதாக முடிவாயிற்று. விடிந்ததிலிருந்தே கூட்டம். வருகிற பெண்கள் தெருமுனையிலேயே குரல் எடுத்து, உள்ளே வந்து சந்திரகலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதுதான் முறை. அவளும் தோளைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு மீன் லாரி தெருமுனையில் நின்றது. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அதன் பின்பக்கத்திலிருந்து ஐந்து பெண்கள் குதித்து இறங்கினார்கள். கணுக்காலில் ஏரிச் சேறு காயவில்லை. முன்னால் வந்தவள் குப்பாயி. விவரணத்தில் அதிகம் பேசியவள் அவள்தான். செக்போஸ்ட்டில் சேதி கேட்ட லாரிக்காரன் பழவேற்காட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அன்றைய இறால் வேலையை விட்டுவிட்டு அப்படியே ஏறி வந்துவிட்டார்கள்.

அவர்கள் குரல் எடுக்கவில்லை. யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. முனிகிருஷ்ணனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சந்திரகலாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“அழுவாத பொம்பளைங்க எதுக்கு வந்துக்கிறாங்க?” என்று அங்காளம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

குப்பாயி புடவை முந்தானையின் முனையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். மற்ற நால்வரும் அப்படியே. கன்னத்து எலும்பு புடைத்திருந்தது. கை மட்டும் சும்மா இல்லை. குப்பாயியின் கை பாயின் மேல் ஊர்ந்து வந்து சந்திரகலாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சேற்றுக்குள் இறாலைப் பிடித்துப் பிடித்துக் கீறல் விழுந்த கை. அது பிடித்த பிடியில் சந்திரகலாவுக்கு முதல் தடவையாகக் கண்ணில் நீர் முட்டியது. அந்த ஐந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது, சுற்றியிருந்த அத்தனை ஒப்பாரியும் எங்கோ தெருவுக்கு அப்பால் போய்விட்டது. இந்த நேரத்தில் யாராவது வந்து, இவர்களுடைய மௌனம் ஏரியை விட ஆழமானது என்று விளக்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். வெட்கத்தில் உடம்பு சுருங்கிற்று.

கிளம்பும்போதுதான் குப்பாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “எங்க பேச்ச அவரு கேட்டாரா டீச்சர்?”

“கேட்டார்.”

“இன்னா சொன்னாரு?”

“நல்லா இருக்குதுன்னு சொன்னாரு” என்றாள் சந்திரகலா. சொல்லும்போதே அது பொய்யா நிஜமா என்று தனக்குத் தெரியாதது உறைத்தது. முழுசாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

வானொலி நிலையத்திலிருந்து அருணாச்சலம் மாலையோடு வந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். விவரணங்களைச் சேர்த்து ஒலிபரப்பும் பொறுப்பு அவருடையது. திருமலை போனில் சேதி சொல்லியிருந்தான். மாலையைப் போட்டுவிட்டு, அவளருகே வந்து குனிந்தார்.

“வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியைத் தள்ளி வெச்சிடட்டுமாம்மா?”

“வேணாம் சார். நாளைக்குத்தானே என் குரலைச் சேர்க்கறீங்க?”

“ஆமாம்.”

“தண்ணி சத்தம் வர்ற எடத்துல ‘ஏழைப் பெண்களின் மௌனம்’னு ஒரு பத்தி இருக்கு. அதை எடுத்துடுங்க.”

“எடுத்துட்டு?”

“ஒண்ணும் வேணாம். நாற்பது செகண்ட், தண்ணி மட்டும்.”

அருணாச்சலம் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு இந்தப் பேச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். “பத்து செகண்ட் சும்மா இருந்தாலே மேலேருந்து கேள்வி வரும்மா. நாற்பதுன்னா...” என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “இது உங்க வீட்டுக்காரர் சொன்னதா?”

“ஆமாம்.”

“சரி. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செங்கல் சூளையில அந்தத் தண்ணி குடிக்கிற சத்தம்கூட அவர் சொன்னதுதானேம்மா? நான் நிலையத்துல புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக் காட்டறேன்.”

“புருஷன் பொணம் ஊட்ல கெடக்குது, இவ ரேடியோ பேசினுகிறா” என்றாள் அங்காளம்மாள், வலியோடு. பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிச்சட்டியை சேகர் எடுத்தான். வாசலில் நின்றவளின் பார்வையிலிருந்து பாடை திரும்பி மறைந்த பிறகும், கட்டை ஏறி இறங்கும் கிறீச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. கல்கத்தா ரோட்டு லாரிகளுக்கு என்ன தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் சந்திரகலா, “சேகர், ரேடியோவை எடுத்துட்டு வா” என்றாள்.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்காளம்மாள்தான் எழுந்தாள். “மூணாம் நாளு பாட்டு கேக்கணுமா உனுக்கு?”

“பாட்டு இல்லக்கா. அவர் கடைசியா கேட்டுட்டு சொன்னது இன்னிக்கு வருது.”

“என் தம்பி பேசுறானா அதுல?”

“இல்ல. அவர் சொன்ன எடத்துல யாருமே பேச மாட்டாங்க.”

அங்காளம்மாளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “போயி எடுத்தாடா” என்றாள் சேகரிடம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவை அந்தத் துணியோடேயே வைத்திருந்தார்கள். சேகர் மேஜையில் வைத்ததும் சந்திரகலா மடிப்புக்குள் கையை விட்டாள். சீட்டு இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பிரித்தாள்.

எங்கிருந்து: பழவேற்காடு ஏரி. தண்ணி சில்லுனு இருக்கறது காதுலயே தெரியுது.

என்ன சரக்கு: பறி, எறா, கை. எல்லாம் சரி. மௌனத்தப் பத்தின பேச்சு மட்டும் பில்லுல இல்லாதது. எறக்கிடு.

எங்கே போகிறது: குப்பாயி கரை ஏறி வாய தொறந்து ‘மணி இன்னா ஆச்சு’ன்னு கேக்கற எடம். அந்த அம்மா கேட்டதும் நானும் மணி பாத்தேன்.

குறிப்பு: இவங்கள பாக்கணும் போல கீது. வர ஞாயித்துக்கெழம லீவு கேட்டுக்கிறேன். கூட்டினு போறியா?

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ரேடியோவுக்கு அருகில் உட்கார்ந்தாள். அவர்களே வந்து பார்த்துவிட்டார்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்று தெரியவில்லை.

ரேடியோ சூடாகிக் குரல் எழும்பச் சற்று நேரமாயிற்று. ஏழு மணிக்கு விவரணம் ஆரம்பித்தது. அவளுடைய குரலே யாரோ ஒரு டீச்சரின் குரல் போலக் கேட்டது. படகுத்துறை, இறால் ஏலம், குப்பாயியின் சிரிப்பு, செல்லியம்மாள் என்ற கிழவி பல் போனதால் இனி பறி கடிக்க முடியாது என்று சொன்னது, எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு பெண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். பறிக் கயிற்றைப் பல்லில் கடித்தார்கள் என்று சொல்லி அவள் குரல் நின்றது.

தண்ணீர் அலம்பிற்று. ஒரு கை உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி தண்ணீர்.

“கெட்டுப்போச்சா அண்ணி?” என்று சேகர் குமிழை நோக்கிக் கையை நீட்டினான். அங்காளம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணி போவுதுல்ல. கம்முனு இரு.”

வெளியே செக்போஸ்ட்டில் ஒரு லாரி வந்து நிற்பது கேட்டது. ஹாரன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அடித்தான். அதற்குப் பின்னால் வந்து நின்ற லாரியும் அடித்தது. கட்டை ஏறவில்லை. சந்திரகலா தலையை நிமிர்த்திக் கேட்டாள். திருமலை ஜன்னலில் டிரான்சிஸ்டரை வைத்திருப்பான். இங்கே ஓடும் தண்ணீர் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். ஹாரன் சத்தமும் ஓய்ந்துவிட்டது.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ கரையேறும் சத்தம். ஈரத்துணி பிழியும் சத்தம். “மணி இன்னா ஆச்சு?” என்றாள் குப்பாயி.

ரோட்டில் கட்டை கிறீச்சிட்டு மேலே போயிற்று.